எலிமென்ட் வாங்க ஓடுவதற்கு முன்: சுடுதண்ணி வராத ஹீற்றரைத் திருத்துவது

மட்டக்களப்பில் ஹீற்றருக்கு நோய் வருவது மாரி காலத்தில்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணியே கையைச் சுடும்; ஹீற்றர் என்று ஒன்று சுவரில் இருப்பதையே வீட்டுக்காரர் மறந்திருப்பார்கள். மழை பிடித்து வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால்தான் வாதக்காரப் பெத்தாவுக்கும், பிள்ளை பெற்று வந்த மகளுக்கும் சுடுதண்ணி தேவைப்படும். சுவிட்சைப் போடுவார்கள். பைப்பில் பச்சைத்தண்ணிதான் வரும். மறுகா எனக்குக் கோல்: "தம்பி, எலிமென்ட் போயிற்று போல, வரக்குள்ள ஒண்டு வாங்கிற்று வாங்க."

நான் வாங்கிக்கொண்டு போவதில்லை. முன்பு கத்தாரில் வில்லாக்களுக்கு மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். இப்போது கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, சில நேரம் பாசிக்குடா வரைக்கும் போய் இதே வேலையைச் செய்கிறேன். தாங்கிக்குள் இருந்து தண்ணியைச் சூடாக்கும் எலிமென்ட் போவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. மல்டிமீற்றர் வைத்து அளக்காமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

இங்கே முதலில் சொல்வதெல்லாம் சுவரில் மாட்டிய தாங்கி ஹீற்றரைப் பற்றி, அதாவது 15 லீற்றரிலிருந்து 50 லீற்றர் வரையானவை. ஷவருக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டியாக மாட்டும் இன்ஸ்டன்ட் வகைக்குக் கடைசியில் வருகிறேன்.

திறப்பதற்கு முன் வாசலுக்குப் போங்கள்

ஃபிரிட்ஜ், மோட்டர், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹீற்றரை மட்டும் போடுங்கள். பிறகு முன்சுவரில் இருக்கும் மின்சார சபை மீற்றருக்கு முன்னால் போய் நில்லுங்கள். டிஜிட்டல் மீற்றர் என்றால் சிவப்பாக ஒரு சின்ன லைட் மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிற்றுக்கு எத்தனை தடவை மின்னும் என்று அதன் முகப்பிலேயே எழுதியிருப்பார்கள். 1000 என்று இருந்தால், 1500 வாற் ஹீற்றர் நிமிடத்துக்கு 25 தடவை மின்ன வைக்கும். 1600 என்று இருந்தால் 40 தடவை. பழைய தட்டு மீற்றர் என்றால் எண்ணவே வேண்டாம், ஹீற்றரைப் போட்டதும் தட்டு வேகமெடுப்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்குறூவைக்கூடக் கழற்றத் தேவையில்லை. ஆனால் பாதி விஷயத்தை இதுவே சொல்லிவிடும்.

லைட் சரியான வேகத்தில் மின்னுகிறதா? அப்படியென்றால் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது, தண்ணி சூடாகிக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சூடு பைப்புக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முதலில் பொறுமையாக இருந்தீர்களா என்று பாருங்கள்: 30 லீற்றர் தண்ணியை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 1500 வாற் எலிமென்டுக்கு ஏறக்குறைய 45 நிமிடம் வேண்டும். பின்னேரத்தில் கரண்ட் 190 வோல்ற்றுக்கு இறங்கும் ஊர்களில் அதே எலிமென்ட் 1000 வாற் அளவுக்குத்தான் உழைக்கும்; 45 நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். பத்து நிமிடத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு "பழுது" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நேரம் கொடுத்தும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால், ஹீற்றருக்குப் போகும் குளிர்தண்ணி வால்வை மூடிவிட்டு, பாத்ரூமில் சுடுதண்ணிப் பக்கத்தைத் திறவுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒரு மிக்சர் பைப்புக்குள் குளிர்தண்ணி குறுக்கே புகுந்து கலக்கிறது. ஹீற்றரில் ஒரு குறையும் இல்லை, மிக்சரைத்தான் மாற்ற வேண்டும். புதிதாகப் பொருத்திய ஹீற்றர் என்றால் நீலம் போட்ட வாயில் குளிர்தண்ணி, சிவப்பு போட்ட வாயில் சுடுதண்ணி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மாறிப் பூட்டிய ஹீற்றர்களை நான் கண்டிருக்கிறேன்.

லைட் மின்னவே இல்லை, அல்லது எப்போதாவது ஒருமுறைதான் மின்னுகிறது என்றால் எலிமென்டில் கரண்ட் ஓடவில்லை. இனித்தான் திறக்க வேண்டும்.

கரண்டை நிறுத்துவது

ஹீற்றர் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள். சுவிட்ச் ஓஃப், லைட்டும் இல்லை, ஆனால் உள்ளே லைவ் அப்படியே இருக்கும். ஒற்றைப் பிறேக்கரை இறக்கினாலும் இதே ஆபத்து உண்டு. நான் மெயின் சுவிட்சையே இறக்குவேன், அது இரண்டு கம்பியையும் வெட்டும். அதன்மேல் ஒரு டேப்பையும் ஒட்டிவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் குசினியில் நிற்கிறவர் "கரண்ட் ட்ரிப் ஆயிற்று" என்று தூக்கிவிடுவார்.

இறக்கியபின் மல்டிமீற்றரால் பாருங்கள்: லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். மூன்றிலும் பூச்சியம் வர வேண்டும். மெயினை இறக்குவதற்கு முன்பே அந்த மீற்றரை வேலை செய்யும் ஒரு பிளக் பொயின்ட்டில் வைத்து 230க்குக் கிட்டக் காட்டுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பற்றரி செத்த மீற்றரும் பூச்சியம்தான் காட்டும். பேனா டெஸ்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். காய்ந்த பலகையில் செருப்போடு நின்றால் லைவ் கம்பியில்கூட அதன் வெளிச்சம் மங்கிவிடும்.

தொட்டால் சுருக்கென்று அடிக்கும் ஹீற்றர் என்றால் நீங்கள் திறக்காதீர்கள். மெயினை இறக்கிவிட்டு, தகுதியான மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். எர்த் கம்பியே இழுக்காத வீட்டுக்கும் இதே பேச்சுத்தான்.

உப்புக்காற்று முதலில் கடிக்கும் இடம்

சுவர்ச் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள். ஹீற்றருக்கு 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்சும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் வேண்டும். உருண்டை முள் 5 ஆம்பியர் பிளக்கில் மல்டிபிளக் செருகி, அதில் ஹீற்றரைப் போட்ட வீடுகளில் பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருக்கும். உருகிய மணமும் வரும். அதைக் கண்டால் தேடுவதை நிறுத்தலாம், பழுது அதுதான்.

பிறகு ஹீற்றரின் மூடி. கல்லடிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மூடியைக் கழற்றினால் ஒரே காட்சிதான். பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பு. அதில் பூட்டிய வயரின் பிளாஸ்ரிக் ஓர் அங்குலத்துக்குப் பழுப்பாகி, நகத்தால் தொட்டால் பொடியாக உதிரும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஏன் இப்படி? உப்புக்காற்று டெர்மினலில் களிம்பை ஏற்றுகிறது, களிம்பு தடையைக் கூட்டுகிறது, ஆறு ஏழு ஆம்பியர் அந்த இடத்தால் போகும்போது அங்கேயே சூடு பிறக்கிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்குறூ தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. ஒருநாள் கம்பி தனியாகக் கழன்று நிற்கும்.

கறுத்த கம்பியைச் சுரண்டி மறுபடி பூட்டாதீர்கள். மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை, சூடு தாங்கும் உறையுள்ளதாகப் புதிதாகப் போட்டு, கருவியால் நசுக்கிப் பூட்டுங்கள். நீளம் போதாவிட்டால் அந்தத் துண்டு வயரையே மாற்ற வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது ஹீற்றருக்குள் ஆகாது. எறும்புகளையும் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் ஹீற்றரின் மூடிக்குள் அவை குடி வந்துவிடும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டற்றின் கொன்டாக்டுக்கு நடுவில் செத்து கறுப்புத் தூளாகக் கிடக்கும். பெயின்ட் பிறஷால் தட்டிவிடுங்கள், ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள்.

கட்அவுட்: பொத்தானை அமுக்கலாம், ஆனால்

எலிமென்ட் டெர்மினலுக்குக் கிட்ட, பெரும்பாலும் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். சில மொடல்களில் அது தெர்மோஸ்டற்றிலேயே இருக்கும். தண்ணி அளவுக்கு மேல் சூடாகி ஏறக்குறைய 85, 90 பாகையைத் தாண்டினால் இது கரண்டை வெட்டிவிடும். ஆறியபின் தானாகத் திரும்பாது, கையால் அமுக்க வேண்டும். "டிக்" என்று சத்தம் கேட்டால் அது விழுந்திருந்தது என்று அர்த்தம்.

காத்தான்குடியில் ஒரு காக்கா (அங்கே அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), நான் போக முன்னமே புது எலிமென்ட் வாங்கித் தானே பூட்டியும் விட்டார். நல்லாகத்தான் பூட்டியிருந்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணி மட்டும் சுடவில்லை. நான் பொத்தானை அமுக்கினேன், டிக்.

"பழைய எலிமென்டை எறிஞ்சிட்டீங்களா காக்கா?"

"இல்ல தம்பி, கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கு."

எடுத்துவரச் சொல்லி மீற்றரை வைத்தேன். 35 ஓம். புதியதும் 35 ஓம். இப்போது அவரிடம் ஒரு ஸ்பெயார் எலிமென்ட் இருக்கிறது.

கட்அவுட் விழுந்தது பழுது இல்லை, பழுது இருக்கிறது என்ற செய்தி. ஒருமுறை அமுக்குங்கள். அமுக்கியபின் காரணத்தைத் தேடுங்கள். காக்காவின் ஹீற்றரில் கட்அவுட்டின் ஒரு ஸ்குறூ தளர்ந்து, அந்தச் சூட்டிலேயே அது தவறாக விழுந்திருந்தது. வேறு இடங்களில் தெர்மோஸ்டற்றின் கொன்டாக்ட் ஒட்டிப்போய் வெட்டாமல் நின்றிருக்கும். அல்லது எலிமென்டில் தடிப்பாகப் படிவு ஏறியிருக்கும். அல்லது தாங்கியில் தண்ணி இல்லாமல் போட்டிருப்பார்கள். அமுக்க அமுக்க விழுந்துகொண்டே இருக்கும் கட்அவுட்டைச் சில பேர் வயர் போட்டு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அந்த ஹீற்றரில் தெர்மோஸ்டற் ஒட்டினால் தண்ணி கொதிக்கும். பாதுகாப்பு வால்வும் அடைத்திருந்தால் தாங்கி வெடிக்கும். அப்படி இணைத்திருப்பதைக் கண்டால் அதைக் கழற்றும்வரை மற்ற வேலையைத் தொடமாட்டேன்.

அளப்பது

மெயின் இறங்கியே இருக்கட்டும். மீற்றரை ஓமுக்குத் திருப்புங்கள்.

தெர்மோஸ்டற்: தண்ணி ஆறியிருக்கும்போது குமிழைக் கூட்டினால் ஒரு இடத்தில் டிக் என்று கேட்கும். அதற்கு மேல் அதன் இரண்டு முனைக்கும் இடையே பூச்சியத்துக்குக் கிட்டக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது போய்விட்டது. கட்அவுட்டுக்கும் இதேதான், அது லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் வகை என்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எலிமென்ட்: அதில் பூட்டியிருக்கும் வயர்களில் ஒன்றையாவது கழற்றிவிட்டு, இரண்டு முள்ளிலும் மீற்றரை வையுங்கள். 230 வோல்ற் கணக்கில் 1500 வாற் என்றால் 35 ஓம், 2000 என்றால் 26, 3000 என்றால் 17 அல்லது 18. ஒன்றிரண்டு ஓம் முன்பின் இருக்கலாம். ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடந்தால்தான் எலிமென்ட் அறுந்திருக்கிறது.

இன்னொரு அளவும் உண்டு: ஒரு முள்ளுக்கும் எலிமென்டின் உலோக உடம்புக்கும் இடையே, மீற்றரின் ஆகப் பெரிய ஓம் நிலையில். அங்கே ஒன்றும் காட்டக் கூடாது. ஏதாவது காட்டினால் உறை வெடித்துத் தண்ணி உள்ளே போயிருக்கிறது. 35 ஓம் சரியாகக் காட்டினாலும் அந்த எலிமென்ட் குப்பைக்குத்தான். ஹீற்றரைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கசிவுதான். சாதா மீற்றர் சில கசிவுகளைக் காட்டாது. அப்போது எலிமென்டின் இரண்டு வயரையும் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக மூடி, ஹீற்றரின் மூடியையும் போட்டபின் கரண்டை ஏற்றிப் பாருங்கள். ட்ரிப் விழாமல் நின்றால் கள்ளன் எலிமென்ட்.

ட்ரிப் சுவிட்சை யாரும் திட்டாதீர்கள். கடற்கரை மணலில் அடித்த எர்த் கம்பி கச்சான் காலத்தில் மணல் காய்ந்ததும் பெரிதாகப் பிடிப்பதில்லை. காய்ந்த மணலுக்குத் தடை கூட. பிறேக்கர் விழும் அளவுக்கு அதில் கரண்ட் ஓடாமலே போகலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டும் ட்ரிப் சுவிட்ச்தான் அங்கே உயிரைக் காப்பது. அதில் 'T' என்று எழுதிய சோதனைப் பொத்தானை இடைக்கிடை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாத ட்ரிப் சுவிட்சை மாற்ற வேண்டும்.

எலிமென்டை மாற்றுவது

மீற்றர் சொல்லிவிட்டது, இனி மாற்றலாம். சோதனைக்குக் கரண்டை ஏற்றியிருந்தால் முதலில் மெயினை மறுபடி இறக்குங்கள். குளிர்தண்ணி வால்வை மூடி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து விடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணி இறங்கும். பாதுகாப்பு வால்வின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி வாளிக்குள் விட்டு, அதன் நெம்பைத் தூக்குங்கள். சற்று முன்வரை வேலை செய்த ஹீற்றர் என்றால் தண்ணி தோலை வேகவைக்கும் சூட்டில் இருக்கலாம், ஆறவிட்டுச் செய்யுங்கள். வயர்களைக் கழற்றுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு தலையைச் சொறியத் தேவையில்லை.

நட்டுகளைக் கழற்றி எலிமென்டை இழுக்கும்போது எந்தத் தண்ணி வீட்டுக்கு வருகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணி வரும் வீட்டில் மெல்லிய வெள்ளைத் தோல்தான் இருக்கும். கடலுக்குக் கிட்ட கிணறு என்றால் கதை வேறு. பாசிக்குடாப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில், பென்சில் தடிப்பில் இருக்க வேண்டிய எலிமென்ட் முருங்கைக்காய் தடிப்பில் இருந்தது. தட்டினால் முட்டைக்கோது மாதிரி அல்ல, கல்லாகவே பெயர்ந்தது. அந்தப் படிவு சூட்டைத் தண்ணிக்கு விடாது. எலிமென்ட் தன் சூட்டிலேயே வெந்து அறும்.

தாங்கிக்குள் கிடக்கும் படிவைக் கையால் அள்ளி எடுங்கள். மிச்சத்துக்கு வினாகிரியைத் தண்ணியில் கலந்து ஊற்றி ஊறவிட்டு அலசலாம். ஸ்குறூ டிரைவரால் உட்சுவரைச் சுரண்டினால் எனாமல் போய்விடும், அங்கிருந்து துரு தொடங்கும். எலிமென்டோடு சேர்ந்து ஒரு மக்னீசியம் கம்பியும் வரும். தாங்கிக்குப் பதிலாகத் துருவைத் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. நடுக் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். உப்புத்தண்ணி வீட்டில் இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அடுத்து ஒழுகுவது தாங்கி. தாங்கி உடம்பு ஒழுகினால் திருத்த முடியாது, புது ஹீற்றர்தான்.

கடைக்குப் பழையதைக் கையில் கொண்டு போங்கள். வாற் மட்டும் பொருந்தினால் போதாது: தட்டின் அகலம், ஓட்டைகளின் எண்ணிக்கை, வளைவு, நீளம், தெர்மோஸ்டற் கம்பி நுழையும் குழாய் எல்லாம் ஒத்துவர வேண்டும். றப்பர் கஸ்கெற்றைக் கட்டாயம் புதிதாக வாங்குங்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிறகு தண்ணி. இந்த இடத்தில் அவசரப்பட்டால் புது எலிமென்ட் சில நிமிடத்தில் செத்துவிடும். குளிர்தண்ணி வால்வைத் திறந்து, சுடுதண்ணிப் பைப்பில் காற்று துப்புவது முடிந்து தண்ணி ஒரே சீராக வரும்வரை கரண்டை ஏற்றக் கூடாது. ஒழுக்கு இருக்கிறதா என்று கஸ்கெற்றைச் சுற்றிக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். எர்த் கம்பியைத் திரும்பப் பூட்டினீர்களா என்று பார்த்து, மூடியைப் போட்டு, அதன் பிறகுதான் மெயின்.

சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழுந்தால் பயப்பட வேண்டாம், தண்ணி சூட்டில் பெருகுவதால் அப்படித்தான் விழும். அதை அடைக்க வேண்டாம், ஒரு குழாய் போட்டு வடிகாலுக்கு விடுங்கள். தெர்மோஸ்டற்றை 55, 60 பாகைக்கு மேல் கூட்டாதீர்கள். சூடு கூடக் கூடப் படிவும் கூடும், சின்னப் பிள்ளைகளின் தோலும் வெந்துபோகும்.

இன்ஸ்டன்ட் பெட்டி

இதில் பெரும்பாலும் கரண்டை விடத் தண்ணிதான் பிரச்சினை. தண்ணி போதிய வேகத்தில் ஓடினால்தான் உள்ளே இருக்கும் ஃப்ளோ சுவிட்ச் எலிமென்டைப் போடும். பைப்பைத் திறந்துவிட்டுப் பெட்டியில் காதை வையுங்கள். டிக் என்று கேட்காவிட்டால் ஷவர் தலையைக் கழற்றித் தண்ணியை நேரே விட்டுப் பாருங்கள். இப்போது டிக் கேட்டால் ஷவர் தலை அடைத்திருக்கிறது. தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ ஊறப்போட்டால் சரி. அப்படியும் கேட்கவில்லை என்றால் தண்ணி நுழையும் இடத்தில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், கிணற்று மணல் அங்கேதான் சேரும்.

அதற்கும் மசியாவிட்டால் தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். தாங்கி ஷவருக்கு மேலே 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார் அளவுதான் வரும். கொங்கிறீற் கூரைப் பிளாட்டின்மேல் நேரே குந்த வைத்த தாங்கி அதில் பாதியும் தராது. தாங்கியை உயர்த்த வேண்டும், அல்லது பம்ப் உள்ளே இருக்கும் மொடலை வாங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் கிண்டிப் பிரயோசனமில்லை.

தண்ணி நன்றாக ஓடுகிறது, டிக் என்றும் கேட்கிறது, ஆனால் சூடு இல்லை என்றால் முன்பு சொன்ன முறைதான்: மெயினை இறக்கு, கட்அவுட்டைப் பார், அள. 3500 வாற்றுக்கு 15 ஓம், 4500 வாற்றுக்கு 12 ஓம். எலிமென்ட் நன்றாக இருந்தும் சூடு வராவிட்டால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோனிக் போர்ட்தான் போயிருக்கும். போர்ட்டைத் தனியாக வாங்கக் கிடைத்தால் மாற்றலாம், சூட்டுக்கோல் வைத்து அதைப் பழுது பார்ப்பதை நான் செய்வதில்லை. பெட்டியை மாற்றுவதென்றால் பழைய வயரையும் பாருங்கள். 4500 வாற் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். அதற்கு பிறேக்கர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர் வர வேண்டும். வீட்டுக்கு வரும் கரண்டே 30 ஆம்பியர்தான் என்றால், ஷவர் ஓடும் நேரத்தில் அயனையும் தண்ணி மோட்டரையும் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.